சோலார் படிப்பும் இருக்கன்குடி வெயிலும்: சில குறிப்புகள்

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போயிருந்தேன். சாத்தூரில் இருந்து நடந்தே வருகிற கூட்டம், மஞ்சள் சேலை, வேப்பிலை, மொட்டை போட்ட குழந்தைகள், ரோட்டோரம் முழுக்க நீர்மோர்ப் பந்தல். சாமி கும்பிட்டுவிட்டு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா மகள், எனக்கு அக்கா, கூட வந்திருந்தாள். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸில் இருபது வருசமாக வேலை. அவள் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு என்ஜினியரிங் கவுன்சிலிங்கில் நிற்கிறாள்.

"தம்பி, நீதான் இதையெல்லாம் படிச்சு எழுதுறியே. பிள்ளை சோலார், ரெனிவபிள் எனர்ஜின்னு ஏதோ சொல்றா. அதுல சேத்தா வேலை கிடைக்குமா? இல்ல, பேரை மட்டும் புதுசா மாத்தி நம்மளை ஏமாத்துறாங்களா?"

பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் ஒரு கல்லூரியின் விளம்பரத்தைக் காட்டினாள். நீல நிறப் பலகைகள் வரிசையாக மின்ன, முன்னால் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் சிரிக்கிறாள். "நம்ம ஊர்லதான் வெயிலுக்குப் பஞ்சமே இல்லையே மாமா" என்றாள்.

அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து சில பாடத்திட்டங்களையும் கேள்வித்தாள்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். முன்பு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து இந்தக் குறிப்பு. அக்கா கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. ஆனால் இந்தப் படிப்புகளில் ஒரு குறை இருக்கிறது. பலகையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்கள், பலகை நிற்கிற ஊரைப் பற்றி நடத்துவதில்லை. நான் சொல்ல வருவது அவ்வளவுதான், மீதியெல்லாம் அதற்கான ஆதாரம்.

என்னென்ன படிப்பு இருக்கு?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைக்கலாம். சூரிய மின்சாரப் படிப்பு நேற்று முளைத்த ஃபேஷன் இல்லை. டெல்லி ஐ.ஐ.டி.யில் எரிசக்தி ஆய்வு மையம் 1976-லேயே வந்துவிட்டது. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் 1987-ல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென்றே முதுநிலைப் படிப்பு தொடங்கி, வளரும் நாடுகளில் இருந்து மாணவர்களைச் சேர்த்தது. இளநிலையில் ஒளிமின் பொறியியல் என்று தனிப் பட்டமே கொடுக்க ஆரம்பித்தது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், 2000-ல். உலகத்திலேயே அதுதான் முதல்.

தமிழ்நாட்டிலும் பட்டியல் சின்னதில்லை. கிண்டி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எரிசக்தி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் எரிசக்திக்கெனத் தனிப் பள்ளிகள் உண்டு. காந்திகிராமத்தில் எம்.டெக். இருக்கிறது, பாண்டிச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் பசுமை எரிசக்தித் துறை இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் எரிசக்தி மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் என்று நாலு வருச பி.டெக். நடத்துகிறது.

இவற்றில் பெரும்பாலானவை முதுநிலை, அல்லது ஆராய்ச்சி. பிளஸ் டூ முடித்த நம்ம பிள்ளைக்கு நடைமுறையில் மூன்று வழிதான். ஒன்று, எரிசக்தி என்று பெயர் போட்ட நாலு வருசப் பட்டம், சில இடங்களில் மட்டும். இரண்டு, இ.இ.இ. அல்லது மெக்கானிக்கல் எடுத்து அதற்குள் ஒன்றிரண்டு சோலார் பாடம் படிப்பது. மூன்று, டிப்ளமோ அல்லது ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மத்திய அரசின் சூரியமித்ரா மாதிரி ஒரு குறுகிய காலப் பயிற்சி.

45-ம் 600-ம்

இந்த இரண்டாவது, மூன்றாவது வழிகளை மணிக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்ட முறையில் வாரம் மூன்று பீரியட் உள்ள ஒரு தியரி பாடத்துக்கு மொத்தம் 45 பீரியட். அஞ்சு யூனிட், யூனிட்டுக்கு ஒன்பது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்ற பொதுப் பாடமாக இருந்தால் அந்த 45-ம் சோலாருக்கு இல்லை. காற்றாலைக்கு ஒரு பங்கு, சாண எரிவாயுவுக்கு ஒரு பங்கு, கடல் அலை, புவிவெப்பம், எரிபொருள் கலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பங்கு. சோலாருக்கு ஒரு யூனிட் அல்லது ரெண்டு. அதாவது ஒன்பதில் இருந்து பதினெட்டு பீரியட்.

சூரியமித்ரா 2015-ல் தொடங்கியது. தேசிய சூரிய எரிசக்தி நிறுவனம் வழியாக, அஞ்சு வருசத்தில் 50,000 பேருக்குப் பயிற்சி என்பது இலக்கு. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களை மனதில் வைத்து உருவாக்கியது. பயிற்சி நேரம் 600 மணி.

ஐ.டி.ஐ. பையனுக்கு 600 மணி நேரம். அவனுக்கு மேலதிகாரியாகப் போகிற என்ஜினியருக்கு, தனியாக எதுவும் எடுக்காவிட்டால், பதினெட்டு பீரியட். என்ஜினியருக்குக் கணக்கும் மின்சுற்றும் மின் இயந்திரமும் தெரியும், அந்த அடிப்படை பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மொட்டை மாடியில் ரெண்டு பேரும் நிற்கும்போது யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரெண்டு படிப்பும் ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை. சூரியமித்ரா முடித்தவனுக்கு அந்த 600 மணி நேரம் பொறியியல் பட்டத்தில் எங்கேயும் கணக்கில் வராது. பட்டதாரிக்கு ஏணி ஏறிப் பழகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை.

ஆய்வகத்தில் அணைத்து வைத்த சூரியன்

கேள்வித்தாளுக்கு வருவோம். ரெண்டு மார்க் பத்து, பதிமூணு மார்க் அஞ்சு, கடைசியில் ஒரு பதினஞ்சு மார்க். கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே மாதிரி. சூரிய மின்கலம் வேலை செய்யும் விதத்தைப் படத்துடன் விளக்கு. பைரனோமீட்டரை விவரி. தட்டை வெப்பச் சேகரிப்பானின் வகைகள் யாவை. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு நார்வேயில் இருக்கிற மாணவனும் சாத்தூரில் இருக்கிற மாணவனும் ஒரே பதிலைத்தான் எழுத முடியும். ஊர் தெரியாமலேயே முழு மார்க் வாங்கிவிடலாம்.

சில வருசம் முன்னால் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஒரு நண்பரைப் பார்க்கப் போனபோது ஆய்வகத்தைக் காட்டினார். பேர் வேண்டாம். மேஜை மேல் ஒரு பயிற்சிப் பெட்டி, புத்தகம் அளவுக்கு ஒரு சின்னப் பலகை, அதற்கு மேலே ஒரு ஹாலஜன் விளக்கு. விளக்கைப் போட்டு, திருகைத் திருப்பி, ரீடிங் எடுக்க வேண்டும். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. ஏன் சார் திரை என்று கேட்டேன். "வெளி வெளிச்சம் பட்டா ரீடிங் மாறிடும்" என்றார்.

சிரித்துவிட்டோம். ஆனால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கட்டுப்படுத்திய வெளிச்சத்தில்தான் முதலில் பாடம் புரியும். என் குறை, அதோடு நின்று போவதில். மாடியில் கல்லூரியே வைத்த பலகை வரிசை இருந்தது. அதன் இன்வெர்ட்டர் என்ன காட்டுகிறது என்று பார்க்க மாணவர்களை விடுவதில்லை, "காண்ட்ராக்டர் திட்டுவார்" என்றார் நண்பர். மாடியில் இருந்த ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, கீழே விளக்கைப் போட்டு ஆய்வகம் நடந்துகொண்டிருந்தது.

குச்சி நட்டுப் பார்க்கலாம்

ஊரைப் பாடத்தில் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். செலவே இல்லாத ஓர் உதாரணம்.

வட அரைக்கோளத்தில் பலகை தெற்குப் பார்க்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இருக்கன்குடி இருப்பது ஏறக்குறைய வடக்கு 9.3 டிகிரி அட்சரேகையில். சூரியன் வடக்கே 23.4 டிகிரி வரை போய்த் திரும்பும். அப்படியென்றால் வருசத்தில் ஒரு பகுதி உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்க வேண்டும். எப்போது? ஏப்ரல் 14-ஐ ஒட்டி நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. சித்திரை ஒன்று அன்றைக்கு உச்சியில் நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். பிறகு வடக்கே போய், ஆகஸ்ட் 28, 29 வாக்கில் திரும்பவும் தலைக்கு மேல். இடைப்பட்ட நாலரை மாதமும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே.

ஆடி கடைசி வெள்ளி இந்த நாலரை மாதத்துக்குள்தான் வருகிறது. அன்றைக்கு ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டால் உச்சியில் எட்டு சென்டிமீட்டர் போல நிழல் தெற்கே விழும். உச்சி என்றால் கடிகாரத்தின் 12 மணி இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, நாம் 78-ஐ ஒட்டி இருக்கிறோம், அதனால் பதினெட்டு நிமிடம் தள்ளிப் போகும். ஆகஸ்ட் நடுவில் பூமியின் ஓட்டத்தால் இன்னும் நாலைந்து நிமிடம். ஆக 12.22, 12.23-க்குத்தான் நமக்கு உண்மையான உச்சி.

இதை வைத்து என்ன செய்வது? வருசக் கணக்கில் பார்த்தால் தெற்குச் சாய்வுதான் கொஞ்சம் லாபம், புத்தகம் பொய் சொல்லவில்லை. ஆனால் பத்து டிகிரி போலச் சாய்வு வைக்கிற நம் ஊரில் தெற்குக்கும் கிழக்கு மேற்குக்கும் வருச உற்பத்தியில் வித்தியாசம் சில சதவீதம்தான். ஜெர்மனியில் முப்பது டிகிரி சாய்க்கும்போது உள்ள வித்தியாசம் இங்கே கிடையாது. கிழக்கு பார்த்த ஓட்டு வீட்டுக்காரரிடம் போய், தெற்குப் பார்க்க உயரமாக இரும்புச் சட்டம் அடித்தால்தான் கரண்ட் வரும் என்று சொல்லி ஒருவர் காசு வாங்கினால், அது அவருக்கு வீண் செலவு. காற்றடிக்கிற ஆடியில் அந்தச் சட்டத்துக்கு ஆபத்தும் கூட. அதைத் தடுக்கிற அறிவு ஒரு குச்சியும் ஒரு மத்தியானமும் இருந்தால் கிடைத்துவிடும்.

வெயில் வேறு, சூடு வேறு

"வெயிலுக்குப் பஞ்சமில்லை" என்று பிள்ளை சொன்னாள் அல்லவா, அதில் பாதிதான் சரி. பலகைக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி.

540 வாட் என்று எழுதிய பலகையை எடுத்துக்கொள்வோம். அந்த 540, பலகையின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் ஊரில் காற்றே 38 டிகிரி இருக்கும் ஒரு சித்திரை மத்தியானம், முழு வெயிலில் செல்லின் சூடு 69 டிகிரி வரை போகும். பலகையின் விவரத் தாளில் உள்ள எண்களை வைத்தே இதைக் கணக்குப் போடலாம். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால், 44 டிகிரி அதிகத்துக்கு 15 சதவீதம் போச்சு. 540 வாட் பலகை சுமார் 457 வாட்தான் கொடுக்கும்.

குறைவது பெரும்பாலும் வோல்ட்டேஜ். இங்கேதான் பாடப்புத்தகத்துக்கும் நம் மாடிக்கும் தகராறு. குளிர்நாட்டுப் புத்தகங்களில் வரும் முக்கியமான எச்சரிக்கை, உறைபனிக் காலையில் வோல்ட்டேஜ் ஏறி இன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பது. நமக்கு உறைபனி கிடையாது. நமக்குப் பிரச்சினை மறுபக்கம். சின்ன வீட்டுக்கு ஆறு பலகையை வரிசையாக இணைத்தால் தாளில் 246 வோல்ட் போல வரும், சித்திரை மத்தியானத்தில் அது 210-ஐ ஒட்டி இறங்கும். இன்வெர்ட்டர் எந்த வோல்ட்டேஜுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யும் என்று பார்க்காமல் மாட்டினால், வெயில் உச்சத்தில் இருக்கும்போதே உற்பத்தி படுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் "பலகை சரியில்லை" என்பார். பலகை நன்றாகத்தான் இருக்கிறது, வடிவமைத்தவருக்கு ஊர் தெரியவில்லை.

இதை ஒரு பதிமூணு மார்க் கேள்வியாகக் கேட்கலாமே? "சாத்தூரில் ஒரு வீட்டுக்கு மூன்று கிலோவாட் அமைப்பு. மே மாத மத்தியானத்துக்கு வோல்ட்டேஜ் சரிபார்." பாடத்திட்டத்தை மாற்றக்கூட வேண்டாம், கேள்வி எடுப்பவர் நினைத்தால் போதும்.

கரிசலும் தீப்பொறியும்

இன்னும் ரெண்டு விஷயம், விருதுநகர் மாவட்டத்துக்கே உரியவை.

ஒன்று மண். கரிசல் மழையில் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதில் நடுகிற இரும்புக் கால் வருசத்துக்கு வருசம் தூக்கும், இறங்கும். எர்த் கம்பி மழைக்காலத்தில் நன்றாக இருக்கும், கோடையில் மண் காய்ந்து கம்பியை விட்டு விலகினால் தடை ஏறிவிடும். கார்த்திகையில் அளந்து சான்றிதழ் வாங்கினால் சித்திரைக்கு அது செல்லாது. மண்ணைப் பற்றிய பாடம் சிவிலில் இருக்கிறது, எர்த்திங் இ.இ.இ.யில் இருக்கிறது. சோலார் பாடத்தில் ரெண்டும் சந்திப்பதில்லை.

மற்றொன்று தீப்பொறி. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற அறையில் மின்விளக்கு கூடக் கிடையாது, பகல் வெளிச்சத்தில்தான் வேலை. என் அக்காவுக்கு உரசல், தீப்பொறி, செருப்பு, செல்போன் எல்லாம் பயத்தோடு பழகிய விஷயங்கள். சோலாரில் ஓடுவது நேர்மின்சாரம். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் ஸ்விட்சில் வருகிற பொறி அணைய வழி உண்டு. நேர்மின்சாரத்தில் அந்தப் பூஜ்யம் இல்லை. தளர்ந்த ஒரு கனெக்டரில் பொறி பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும், வெயில் இருக்கிறவரை பலகையில் இருந்து வருகிற ஒயரில் முந்நூறு வோல்ட் போல நிற்கும்.

குடோனும் அட்டைக் கம்பெனியும் அச்சகமும் நெருங்கி நிற்கிற ஒரு தொழில் பகுதியில் சோலார் என்ஜினியருக்கு முதல் பாடமாக இருக்க வேண்டியது இதுதான். வெடிபொருள் விதிகள் என்ன சொல்கின்றன, எந்தக் கூரையில் பலகை வைக்கவே கூடாது, எத்தனை தூரம் தள்ள வேண்டும் என்பதெல்லாம் சிவகாசிக்காரர்கள் உலகத்துக்கே சொல்லித் தரக்கூடிய விஷயம். நான் பார்த்த பாடத்திட்டங்களில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

எதிர்வாதம்

இதைப் படித்துவிட்டு ஓர் ஆசிரியர் கேட்கலாம். "பல்கலைக்கழகத்தின் வேலை அடிப்படையைச் சொல்லித் தருவது. கரிசலும் கனெக்டரும் வேலைக்குப் போனால் ஆறு மாசத்தில் தானா வரும். ஊருக்கு ஊர் பாடத்திட்டம் போட்டால் நம்ம பையன் குஜராத்தில் போய் என்ன செய்வான்?"

நியாயமான கேள்வி. அடிப்படை இல்லாமல் வெறும் ஒயர் முறுக்குகிற படிப்பை நானும் கேட்கவில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கு எல்லாமே அடிப்படைதான். சூரியனின் சாய்வு, குறைகடத்தியில் சூட்டின் விளைவு, மண்ணின் மின்தடை, நேர்மின்சாரப் பொறி. இவற்றை ஊரை வைத்துப் படித்தவன் குஜராத்துக்குப் போனால் அங்கே உள்ள எண்களைக் கேட்பான். ஊரே இல்லாமல் படித்தவனுக்கு என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாது.

நியூ சவுத் வேல்ஸ் கதையும் இதைத்தான் சொல்கிறது. அந்தப் பட்டம் பெயரால் வெற்றி பெறவில்லை. பேராசிரியர் மார்ட்டின் கிரீன் குழு 1985-லேயே 20 சதவீதத் திறனுள்ள சிலிக்கான் செல்லை அங்கே செய்து காட்டியிருந்தது. பதினைந்து வருசம் கழித்துத்தான் இளநிலைப் பட்டம் வந்தது. முதலில் பட்டறை, பிறகு பட்டம். அங்கே முனைவர் பட்டம் பெற்ற ஷி செங்ராங் 2001-ல் சீனாவின் ஊஷியில் சன்டெக் கம்பெனியைத் தொடங்கினார். சீனாவின் சோலார் தொழில் எழுந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கம்பெனியின் ஊஷி ஆலை 2013-ல் திவாலானதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நல்ல படிப்பு நல்ல வியாபாரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதும் இல்லை. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். கற்றதை அப்படியே இறக்கி வைக்கவில்லை. இந்த ஊரின் வறண்ட காற்றுக்கும், காய வைக்க உதவும் வெயிலுக்கும், இங்கே கிடைத்த ஆட்களுக்கும் ஏற்ப மாற்றினார்கள். வெளியூர் அறிவும் உள்ளூர் வெயிலும் சேர்ந்துதான் சிவகாசி. தொழில் கல்லூரியையும் கட்டியது: 1984-ல் வந்த மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியின் பெயரிலேயே ஓர் உலோகத்தூள் கம்பெனியும் அதன் ஜெர்மன் நண்பர்களும் இருக்கிறார்கள்.

"சிலபஸ் மேல இருந்து வருது, நாங்க என்ன செய்ய" என்ற சமாதானம் இணைப்புக் கல்லூரிகளுக்குப் பொருந்தும். ஆனால் இந்த மாவட்டத்தில் மெப்கோ போன்ற தன்னாட்சிக் கல்லூரியும், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளும் உரிமை உள்ள இடங்கள். கரிசலுக்கும் பட்டாசுக்கும் ஏற்ற சோலார் பாடத்தை எழுத இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது.

வேலை எங்கே இருக்கு?

அக்காவின் கேள்வி இதுதான், அதைத் தள்ளிப்போட முடியாது. விளம்பரங்கள் பெரிய எண்களைக் காட்டும். 2010-ல் தேசிய சூரிய இயக்கம் 2022-க்குள் 20,000 மெகாவாட் என்றது, 2015-ல் அதை ஒரு லட்சம் ஆக்கினார்கள், 2025 ஜனவரியில் நாடு அந்த ஒரு லட்சத்தைத் தாண்டியது. உண்மைதான். ஆனால் மெகாவாட் ஏறுகிற வேகத்தில் நிரந்தர வேலை ஏறாது.

அருப்புக்கோட்டை தாண்டிப் போனால் கமுதி. 2016-ல் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். கட்டும்போது ஆயிரக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள். கட்டி முடித்த பிறகு பலகை துடைப்பதைக்கூட ரோபோ செய்கிறது. காவலுக்கும் பராமரிப்புக்கும் கொஞ்சம் ஆட்கள் போதும். கட்டுமான கால எண்ணைக் காட்டி நாலு வருசப் படிப்பை விற்பது நேர்மை இல்லை.

நிலையான வேலை வேறு ரெண்டு பக்கம் தெரிகிறது. ஒன்று தொழிற்சாலை. தெற்கே நாலுவழிச் சாலையில் போனால் கங்கைகொண்டானில் டாட்டா பவரின் செல், பலகை தயாரிக்கும் ஆலை. அங்கே பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். அந்த வேலைக்கு வேண்டியது இயந்திரம், தரக்கட்டுப்பாடு, வேதியியல். மற்றொன்று மொட்டை மாடி. 2024-ல் வந்த சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. ஊருக்கு ஊர் மாட்டுகிற கடைகள் வந்துவிட்டன. மாட்டிய பிறகு இருபத்தஞ்சு வருசம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குத் தெரிந்த, மாடி ஏறத் தயங்காத, உள்ளூர் என்ஜினியருக்கு அங்கே இடம் இருக்கிறது.

அக்காவுக்கு நான் சொன்னது

கடைசியில் போன் பண்ணிச் சொன்னேன். பிள்ளைக்கு ஆசை இருக்கு, விடு, படிக்கட்டும். ஆனா இளநிலையில பேரு அகலமா இருக்கிறது நல்லது. இ.இ.இ. எடுத்துட்டு உள்ளே சோலார் பாடங்களை எடுக்கட்டும், மேல படிக்க ஆசை வந்தா கிண்டி, காந்திகிராமம், பாண்டிச்சேரி எல்லாம் இருக்கு. கோவை வேளாண் பல்கலையில் இடம் கிடைச்சா அது தனிக் கணக்கு. பம்பு, உலர்த்தி, சாண எரிவாயு என்று வயலோடு ஒட்டி இருக்கிற வளாகம் அது, அந்த ஒட்டுதல்தான் நான் கேட்கிறதும்.

தனிப் பேர் போட்ட பட்டத்துலதான் சேரணும்னா, பணம் கட்டுறதுக்கு முன்னால கல்லூரியில் நேரா இந்தக் கேள்விகளைக் கேளுங்க:

1. மாடியில் இருக்கிற சோலார் அமைப்பின் தினசரி உற்பத்திக் கணக்கு மாணவர்கள் கையில் கிடைக்குமா? போன மே மாதக் கணக்கைக் காட்ட முடியுமா?

2. நாலு வருசத்தில் எத்தனை நாள் உண்மையான கூரையிலோ ஆலையிலோ வேலை? அது மார்க்கில் வருமா?

3. மின் இயந்திரம், பவர் சிஸ்டம், பாதுகாப்பு ரிலே இதெல்லாம் முழுப் பாடமா இருக்கா, இல்ல சோலாருக்கு இடம் விட்டு சுருக்கியாச்சா?

4. அரசு வேலை அறிவிப்பில் இந்தப் பட்டம் இ.இ.இ.க்கு இணையா ஏற்கப்படுமா? அதற்கான அரசாணையைக் காட்டுங்க. மின் ஒப்பந்ததாரர் உரிமம் எடுக்க இது செல்லுமா?

5. போன வருசம் முடிச்சவங்க எங்க இருக்காங்க? கம்பெனி பேரு வேண்டாம், என்ன வேலை பார்க்கிறாங்கன்னு சொல்லுங்க.

அஞ்சில் மூணுக்கு நேரான பதில் வந்தால் சேர்க்கலாம். ஹெல்மெட் போட்ட படத்தைத் திரும்பக் காட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

அக்கா கேட்டுக்கொண்டாள். நாலாவது கேள்வியை மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். அவள் சம்பளத்தில் இருந்துதான் ஃபீஸ் போகப்போகிறது, மருந்து அறையில் பகல் வெளிச்சத்தில் சம்பாதித்த காசு. அதை வாங்கிக்கொள்கிற கல்லூரி இந்த வெயிலைப் பற்றி அவள் மகளுக்கு உருப்படியாக நாலு விஷயமாவது சொல்லித் தர வேண்டாமா?

குச்சிச் சோதனையைச் செய்து பார்ப்பவர்கள் ஊர், தேதி, நிழல் நீளம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த குறிப்பில் சேர்த்துப் பார்க்கலாம்.